இரண்டாவது செஸ் ஐடி தேவையா? நான்கு வழிகளின் ஒப்பீடு

இரவு பதினொன்றரை மணி. ஆன்லைன் செஸ் தளத்தில், சில நிமிடங்களில் முடிகிற பிளிட்ஸில், ஏழு ஆட்டம் ஆடி ஆறில் தோற்றாகிவிட்டது. ஆட்ட பலத்தைச் சொல்கிற எண்ணான ரேட்டிங் 1512 என்று இருந்தது, இப்போது 1478. இன்னும் ஒரு ஆட்டம் ஆடக் கை துறுதுறுக்கிறது, ஆனால் அந்த எண் மேலும் இறங்குவதைப் பார்க்க மனசு வரவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வரும்: இன்னொரு ஐடி திறந்துகொண்டால் என்ன?

வார இறுதிகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தருகிறேன். பிள்ளைகளும் கேட்கிறார்கள், பெற்றோரும் கேட்கிறார்கள்: "சார், பிராக்டிஸுக்குத் தனியா ஒரு அக்கவுண்ட் வெச்சுக்கலாமா?" எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடிவதில்லை. ஒருவருக்கு ரேட்டிங் இறங்கும் பயம். இன்னொருவருக்கு, நாளைக்கு நேரடிப் போட்டியில் போர்டுக்கு எதிரே உட்காரப் போகிறவர் தன் பழைய ஆட்டங்களையெல்லாம் தோண்டிப் பார்த்துவிடுவாரோ என்ற கவலை. வேறொருவருக்குப் புது ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசையை, யாருக்கும் தெரியாமல் ஆடிப் பார்க்க ஆசை. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

நானும் இரண்டு ஆண்டுகள் ஒரே தளத்தில் இரண்டு கணக்கு வைத்திருந்தேன். அந்த அனுபவத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில், தளத்தின் விதி. அனுமதியில்லாத ஒன்றைச் செய்து, பல ஆண்டு ஆடிய கணக்கை இழப்பதில் அர்த்தமில்லை. அடுத்தது, கற்றல்: உங்கள் ஆட்டங்கள் ஒரே இடத்தில் சேர்கின்றனவா, சிதறுகின்றனவா? மூன்றாவது, மனநிலை. அந்த வழி உங்களைத் துணிந்து ஆட வைக்கிறதா, அலட்சியமாக ஆட வைக்கிறதா? நான்காவது, உங்கள் ஆட்டங்கள் எவ்வளவு பேர் கண்ணில் படுகின்றன. ஐந்தாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: எதிரே ஆடுகிறவருக்கு என்ன ஆகிறது?

காசையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் செஸ் தளமான செஸ்.காமில் வழக்கமான கட்டணச் சந்தா ஒரு கணக்குக்குத்தான். இரண்டாவது கணக்குக்கு அது வராது.

வழி 1: ஒரே தளம், ஒரே கணக்கு

விதிப்படி இதில் எந்தச் சிக்கலும் இல்லை. எதிராளிக்கும் நியாயமானது. அவர் பார்க்கிற எண் உங்களுடைய உண்மையான எண்.

இதன் பெரிய பலம் ஆட்டங்களின் தொகுப்பு. இன்னொரு ஆன்லைன் தளமான லிசெஸில், ஓப்பனிங்குகளை அலசிக் காட்டுகிற ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, 'பிளேயர்' பகுதியில் உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள். காரோ-கான் என்ற ஓப்பனிங் ஆடிய ஆட்டங்களில் எந்த நகர்வுக்கு எத்தனை முறை தோற்றீர்கள் என்று கிளை கிளையாக விரியும். என்னிடம் படிக்கிற ஒரு பெண் பிள்ளை, அதன் அட்வான்ஸ் வேரியேஷன் என்ற வகைக்கு எதிராகத்தான் தன் தோல்விகளில் பாதி வருகிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தாள். அறுநூறு ஆட்டம் ஒரே பெயரில் இருந்ததால் அது தெரிந்தது. முந்நூறு இங்கே, முந்நூறு அங்கே என்று கிடந்திருந்தால் தெரிந்திருக்காது.

இன்னொன்று. புல்லட் (மிக வேகம்), பிளிட்ஸ், ரேபிட் (சற்று நிதானம்) என்று ஆட்ட வேகம் ஒவ்வொன்றுக்கும் இரு தளங்களிலும் தனித்தனி ரேட்டிங் உண்டு. "புல்லட்டில் தாறுமாறாக ஆடுவேன், அதற்குத் தனி ஐடி வேண்டும்" என்பவர்களுக்கு இது ஏனோ தோன்றுவதில்லை. புல்லட்டில் இருநூறு புள்ளி இழந்தாலும் உங்கள் ரேபிட் எண் அசையாது.

பலவீனம் இரண்டு. முதலாவது, அந்த எண்ணின் மேல் வருகிற பற்று. ஒரு மைல்கல்லைத் தொட்டதும், 1500 ஆகட்டும் 2000 ஆகட்டும், ஆடுவதையே நிறுத்திவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். 2003 என்ற ரேட்டிங்கில் நின்றுவிட்டு நான்கு மாதம் அந்தப் பக்கமே போகாத நண்பர் ஒருவர் உண்டு. ஆடாத நான்கு மாதத்தில் அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டாவது, எல்லாமே வெளிச்சத்தில் இருப்பது. அதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாவது கணக்குக்கு இருக்கிற வலுவான நியாயமே அதுதான்.

எப்போது இது சரி: நீங்கள் ஆன்லைனில் மட்டும் ஆடுகிறவர், அல்லது 1600, 1700க்குக் கீழே இருந்து வளர்ந்துகொண்டிருப்பவர் என்றால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

வழி 2: அதே தளத்தில் இரண்டாவது கணக்கு

விதியிலிருந்து தொடங்குவோம். லிசெஸில் புதுக் கணக்கு திறக்கும்போது சில உறுதிமொழிகளுக்கு டிக் போட வேண்டும். ஆட்டத்தின்போது யாருடைய உதவியும், எந்த இன்ஜின் (செஸ் ஆடும் கணினி நிரல்) உதவியும் வாங்க மாட்டேன் என்பது ஒன்று. பல கணக்குகள் திறக்க மாட்டேன், சேவை விதிகளில் சொல்லியிருக்கிற காரணங்களுக்காகத் தவிர என்பது இன்னொன்று. அவசரத்தில் நாம் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டுப் போகிறோம். கதவு முழுக்கத் திறந்தும் இல்லை, முழுக்க மூடியும் இல்லை என்பதுதான் அந்த வரியின் பொருள். செஸ்.காமுக்கும் தனி விதிகள் உண்டு. எந்தத் தளமானாலும், திறக்கிற அன்றைக்கு விதிப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

எங்கும் மன்னிக்கப்படாதவை சில உண்டு. உங்கள் ஒரு கணக்கை இன்னொன்றோடு மோதவிட்டுப் புள்ளி ஏற்றுவது. ஒரே டோர்னமெண்டில் இரண்டு பெயரில் இறங்குவது. வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கைக் குறைத்து வைத்துக்கொண்டு, குறைந்த பிரிவில் பரிசு அடிப்பது. முடக்கப்பட்ட கணக்குக்குப் பதிலாக, தளத்துக்குத் தெரியாமல் புதிதாக ஒன்றைத் திறப்பது. இரண்டாவது கணக்கில் இப்படி ஏதாவது நடந்தால் முதல் கணக்கும் சேர்ந்தே போகலாம். பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத அபாயம் அதுதான்: விளையாட்டாகத் திறந்த ஐடியில் நடந்த தவறுக்கு, பத்தாயிரம் ஆட்டம் ஆடிய ஐடி பதில் சொல்ல வேண்டிவரும்.

இனி, இதன் வலுவான நியாயம். ரேட்டிங் டோர்னமெண்ட் ஆடுகிற பையன் ஒருவன், பதினான்கு வயது. கருப்பில் எப்போதும் ஸ்காண்டிநேவியன் என்ற ஓப்பனிங்தான், அதிலும் மூன்றாவது நகர்வில் ராணியை டி6 கட்டத்துக்குக் கொண்டுபோகிற வகை. ஆன்லைனில் நூற்றுக்கணக்கான ஆட்டம் அதே வரிசையில் ஆடியிருந்தான். அவன் பெயர் புரொஃபைலில் அப்படியே இருந்தது. ஒரு டோர்னமெண்டில் பேரிங், அதாவது யாரோடு யார் என்ற பட்டியல், முதல் நாள் இரவே செஸ்-ரிசல்ட்ஸ் இணையதளத்தில் வந்துவிட்டது. மறுநாள் காலை எதிரே உட்கார்ந்த பையன் ஆறாவது நகர்வில் குதிரையை இ5க்கு வைத்தான். ஏழாவதில் அதே குதிரை சி4க்கு வந்து ராணியை விரட்டியது. எட்டாவதில் ராணி எஃப்3. எட்டு நகர்வுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நம் பையன் அதற்குள் இருபத்தைந்து நிமிடம் யோசித்திருந்தான். அது நன்கு தெரிந்த கூர்மையான வரிசைதான். ஆனால் பிளிட்ஸில் யாரும் தனக்கு எதிராக அதை ஆடாததால் அவன் அதைப் படித்ததே இல்லை. ஆட்டம் முடிந்து வெளியே வந்தவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "சார், அவன் என் ஐடியைப் பார்த்திருக்கான்" என்றான்.

பார்த்திருந்தால் அதில் தவறில்லை, அதுவும் உழைப்புதான். லிசெஸ் ஆட்டங்கள் யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் கிடக்கின்றன. செஸ்.காமிலும் எந்த உறுப்பினரின் ஆட்டங்களையும் இறக்கிக்கொள்ளலாம். போர்டில் ஆடுகிறவருக்கு இது உண்மையான பிரச்சினை. தன் பெயர் தெரியாத ஒரு கணக்கில் புது ஓப்பனிங்கைப் பழகிக்கொள்வது அவருக்கு நியாயமான தேவை.

பெரிய ஆட்டக்காரர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். முன்னாள் உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன், லிசெஸில் பட்டம் பெற்ற ஆட்டக்காரர்களுக்கு நடக்கிற டைட்டில்ட் அரீனா போட்டிகளில் டாக்டர் டிரங்கன்ஸ்டைன், டேனி த டாங்கி, மேன் வித் எ வேன், டாக்டர் நிக்டர்ஸ்டைன் என்று பல பெயர்களில் வந்து ஜெயித்திருக்கிறார். 2025 அக்டோபரில் மறைந்த கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி, புதுக் கணக்கில் கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே மேலே ஏறுகிற வீடியோக்களைப் போட்டார். என் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் நான் காட்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் செய்தது தளத்துக்குத் தெரிந்தே நடந்தது. அவர்கள் யார் என்பது தளத்துக்குத் தெரியும், எதிராளியும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். நாம் இரவில் ரேட்டிங் இறங்கிய கோபத்தில் திறப்பது அந்த வகையில் சேராது.

சரி, மறைவான செலவுகளுக்கு வருவோம். லிசெஸில் புதுக் கணக்கு 1500இல் தொடங்குகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும், இந்த எண்ணை இன்னும் நம்ப முடியாது என்பதற்கான அடையாளம் அது. முதல் சில ஆட்டங்களில் எண் பெரிய தாவலாகத் தாவும். அப்புறம் அடங்கும். இரண்டாவது கணக்கை நாம் எப்போதாவதுதான் தொடுவோம். நீண்ட நாள் தொடாமல் விட்டால், ஓராண்டு அளவில், அந்தக் கேள்விக்குறி திரும்ப வந்துவிடும். எண் மறுபடி தாவத் தொடங்கும். ஆக, இரண்டாவது கணக்கு உங்கள் பலத்தைச் சரியாகச் சொல்கிற நிலைக்கு வருவதே இல்லை.

எதிராளியின் பக்கமிருந்து பார்த்தால்? நீங்கள் 2000 பலம் உள்ளவர், புதுக் கணக்கில் 1500 என்று நிற்கிறீர்கள். அவர் உங்களிடம் தோற்பார். புள்ளி இழப்பு அவருக்கு மிகக் குறைவாகத்தான் இருக்கும். எதிராளியின் எண் உறுதியில்லாதது என்று தெரிந்தால் அந்த முடிவுக்குக் குறைந்த எடை தருகிற மாதிரிதான் ரேட்டிங் கணக்கிடும் முறை அமைந்திருக்கிறது. ஆகவே புள்ளிக்காக வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் அலுவலகம் முடிந்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, பத்து நிமிடம் சமமான ஆட்டம் ஒன்றுக்காக வந்து உட்கார்ந்தவர் அவர். அந்தப் பத்து நிமிடம் போய்விட்டது. அதை எந்தக் கணக்கு முறையும் திருப்பித் தராது. மாதத்துக்கு ஒரு புதுக் கணக்கு திறக்கிறவர்கள் இதை ஒருமுறையாவது யோசிக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைக்கிறேன்.

மனநிலைக்கு என்ன செய்கிறது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு ஆண்டு முடிவில் இரண்டு கணக்கின் ஆட்டங்களையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். முதன்மைக் கணக்கில், எதிராளி ஒரு காயை வெட்டக் கொடுத்தால் சராசரியாக ஒரு நிமிடமாவது யோசித்திருக்கிறேன். இரண்டாவதில் நான்கு விநாடி. ஓப்பனிங் பயிற்சிக்கு என்று திறந்தது, ஆனால் பத்தாவது நகர்வுக்கு மேல் ஆட்டத்தில் அக்கறையே இல்லை. "இது சும்மா ஐடிதானே" என்ற எண்ணம் கையைத் தளர்த்திவிடுகிறது. நான்கு விநாடியில் ஆடும் பழக்கம் அந்த ஐடிக்குள் அடங்கியிருக்கவும் இல்லை. அடுத்த டோர்னமெண்டில் போர்டு வரைக்கும் கூட வந்தது.

எப்போது இது சரி: போர்டு டோர்னமெண்ட் தொடர்ந்து ஆடுகிறீர்கள், எதிராளிகள் உங்களை ஆன்லைனில் தேடுகிற கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள், தளத்தின் விதி இடம் தருகிறது என்றால் ஒன்று திறக்கலாம். ஒன்றே ஒன்று. அதில் உங்கள் பலத்துக்கு வரும் வரை வேகமாக ஆடி, அந்த நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயிற்சியாளரைத் தவிர யாரிடமும் அந்த ஐடியைச் சொல்லாதீர்கள். பள்ளிப் போட்டிகளிலும் அகாடமி வாட்ஸ்அப் குழுக்களிலும்தான் பிள்ளைகளின் ஐடிகள் ஊர் முழுக்கப் பரவுகின்றன.

வழி 3: தளத்துக்கு ஒன்று

நான் இப்போது இருப்பது இந்த வழியில்தான். செஸ்.காமில் ஒரு கணக்கு, லிசெஸில் ஒரு கணக்கு. ஒவ்வொரு தளத்திலும் ஒன்றுதான் என்பதால் விதிச் சிக்கல் இல்லை. ஒன்றை முழுக் கவனத்தோடு ஆடுகிற இடமாகவும், மற்றதைப் புது வரிசைகளை ஆடிப் பார்க்கிற இடமாகவும் வைத்துக்கொள்ளலாம். லிசெஸ் கணக்கில் சொந்தப் பெயரைப் போடாவிட்டால், மறைவும் ஓரளவு கிடைத்துவிடும்.

காசு மிச்சமாவதும் இந்த வழியில்தான். செஸ்.காமில் இலவச உறுப்பினருக்கு கேம் ரிவ்யூ (முடிந்த ஆட்டத்தின் அலசல்) அளவோடுதான் கிடைக்கிறது. கூடுதல் ரிவ்யூவுக்காகவே சிலர் அங்கே இரண்டாவது ஐடி திறக்கிறார்கள். அவசியமே இல்லை. ஆட்டத்தின் பிஜிஎன்னை (நகர்வுகளின் எழுத்து வடிவம்) நகல் எடுத்து, லிசெஸில் ஒட்டினால் இன்ஜின் அலசல் இலவசமாகவே வந்துவிடும். 2010இல் திபோ டுப்ளேசி தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தளம் விளம்பரமோ கட்டணமோ இல்லாமல் நன்கொடையில்தான் ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கை: இரண்டு தளங்களின் எண்களையும் ஒப்பிடாதீர்கள். ஒரே ஆள் லிசெஸில் நூறு, இருநூறு, சில சமயம் அதற்கு மேலும் கூடுதலாக இருப்பார். தொடக்கப் புள்ளியும் ஆடுகிற கூட்டமும் வேறு. லிசெஸில் 1700 ஆனதும் "இருநூறு ஏறிட்டேன்" என்று குதித்துவிட்டு, மறுநாள் செஸ்.காமில் 1450ஐப் பார்த்து வாடிப்போகிற பிள்ளைகள் ஒவ்வொரு மாதமும் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தளத்தின் எண்ணை அதே தளத்தின் போன மாத எண்ணோடு மட்டும் பாருங்கள்.

குறை என்றால், ஆட்டங்கள் இரண்டாகப் பிரிகின்றன. மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் இறக்கி ஒரே கோப்பில் சேர்த்துக்கொண்டால் அதுவும் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை.

எப்போது இது சரி: புது ஓப்பனிங் பழக வேண்டும், ஆனால் போர்டு எதிராளிகள் தேடுகிற அளவுக்கு இன்னும் போகவில்லை என்பவர்களுக்கு. நம்மில் பெரும்பாலோர் இங்கேதான் இருக்கிறோம்.

வழி 4: கணக்கைக் கூட்டாமல் அமைப்பை மாற்றுவது

ரேட்டிங் பயம் மட்டும்தான் காரணம் என்றால் இதை முதலில் செய்து பாருங்கள். லிசெஸ் அமைப்புகளில் ரேட்டிங்கைக் காட்டாதே என்று ஒரு தேர்வு உண்டு. போட்டால் உங்கள் எண்ணும் தெரியாது, எதிராளியின் எண்ணும் தெரியாது. பின்னணியில் எண் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும், கண்ணில் மட்டும் படாது. ஜென் மோடு போட்டால் போர்டையும் கடிகாரத்தையும் தவிர மற்றதில் பெரும்பாலானவை மறைந்துவிடும். கணினியில் இசட் எழுத்தை அழுத்தினால் போதும்.

ரேட்டிங் இல்லாத கேஷுவல் ஆட்டம் இரு தளங்களிலும் உண்டு. லிசெஸில் உள்நுழையாமலேயே, பெயரே இல்லாமல் ஆடலாம். அதில் எதிராளி கிடைப்பதற்குள் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், பாதியில் விட்டுப் போகிறவர்களும் அதிகம். அது உண்மையான குறைதான். அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, ரேட்டட் ஆட்டமே ஆடு, எண்ணை மட்டும் மறைத்துவிடு என்பதுதான். 2003 ரேட்டிங்கில் நின்றுவிட்ட நண்பருக்கும் இதைத்தான் செய்து கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து எண்ணைத் திறந்து பார்த்தார். 1968. "அவ்வளவுதானா!" என்றார். அன்றைக்கே இன்னும் மூன்று ஆட்டம் ஆடினார்.

எப்போது இது சரி: தோற்ற சூட்டில் "இன்னொரு ஐடி" என்று தோன்றும் ஒவ்வொரு முறையும்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால்

இது தனி விஷயம், ஆனால் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். அண்ணனும் தங்கையும் அம்மாவின் போனில் ஒரே ஐடியில் ஆடுகிறார்கள். காலையில் 900 பலம், மாலையில் 1500 பலம். சந்தேகம் வருகிற மாதிரியான ஆட்ட வரலாறு அது. ஆளுக்கு ஒரு கணக்கு திறந்து கொடுங்கள். இது பல கணக்கு ஆகாது, ஏனென்றால் ஆள் வேறு. ஒரே வைஃபையில் இருவரும் ஒருவரோடொருவர் ஆடுவதென்றால் கேஷுவலாக ஆடட்டும். ரேட்டட் ஆட்டத்தில் அண்ணன் தங்கையிடம் விட்டுக்கொடுத்தால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது புள்ளி மாற்றிக்கொள்வதாகத்தான் தெரியும்.

ஏற்கெனவே இரண்டு இருக்கிறதா?

மூட முடிவு செய்தால், மூடுவதற்கு முன் அந்தக் கணக்கின் ஆட்டங்கள் அனைத்தையும் பிஜிஎன்னாக இறக்கிக்கொள்ளுங்கள். அதில் தோற்ற ஆட்டங்களில் உங்கள் முதன்மை ஓப்பனிங் வருகிறவற்றை மட்டும் பிரித்து, லிசெஸில் யாருக்கும் தெரியாத தனிப்பட்ட ஸ்டடி (ஆட்டங்களைச் சேர்த்து வைக்கிற பக்கம்) ஒன்றில் போடுங்கள். ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயம் வரை வைக்கலாம். லிசெஸில் மூடிய பெயரில் மறுபடி புதுக் கணக்கு யாராலும் திறக்க முடியாது, உங்களாலும் முடியாது. அதனால் பிடித்த பெயர் எந்தக் கணக்கில் இருக்கிறதோ, அதை வைத்துக்கொண்டு மற்றதை மூடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அந்த ஸ்டடியில் என்னுடையது 41 ஆட்டம் இருக்கிறது, அதில் 17 ஆட்டம் பன்னிரண்டாவது நகர்வில் ஒரே தவறு.